சூடு ஏறினால் குதிரை இறங்கும்

நின்றுகொண்டிருக்கும் வண்டி எதுவானாலும் அதன் பானட்டின் மேல் ஒரு தடவை உள்ளங்கையை வைத்துப் பார்க்காமல் மீன்கார அக்காவால் கடந்து போக முடியாது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவது மாதிரி தொடுவார். அது யாருடைய வண்டி, சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கிறாரா, முறைக்கிறாரா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. தொட்டதும் உதட்டைப் பிதுக்கி, "ரெண்டு குதிர போயிருக்கும்" என்பார். சில வண்டிகளுக்கு நாலு. ஒருமுறை மன்னார்குடிக் கடைத்தெருவில் நின்ற ஒரு நெல் லாரியைத் தொட்டுவிட்டு, "இதுல குதிரையே இல்ல, வெறும் லாயந்தான் இருக்கு" என்று சொல்லி, அதன் டிரைவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முத்துப்பேட்டைப் பக்கம் கடலோரத்தில் அவருக்கு ஊர். மீன் வியாபாரம். கொடுவாயும் மடவையும் இறாலும் நண்டும் ஐஸ் போட்டு, காலையில் மன்னார்குடிக்கு ஏற்றி வருவார். ஏதோ ஏலத்தில் எடுத்த பழைய வேன் ஒன்று அவருக்குச் சொந்தமாக இருந்தது. ஓட்டுவது அவர் வீட்டுக்காரர். அந்த மனிதர் பேசி நான் கேட்டது அபூர்வம். அக்கா பேச்சுக்கு நடுவில் இடைவெளி கிடைத்திருந்தால் பேசியிருப்பாரோ என்னவோ. நான் அப்போது மன்னார்குடியில் ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்கு பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. அதனால் எங்கள் ஊர்ப் பாலத்தில் நின்று மீன் வேனுக்குக் கைகாட்டி ஏறிக்கொள்வேன். மீன் வாடைக்குப் பயந்து வகுப்பில் என் பெஞ்சில் என்னோடு உட்கார ஒருத்தியும் முன்வரவில்லை. பரீட்சையில் என் தாளை எட்டிப் பார்க்கக்கூட யாரும் கிட்டே வராதது ஒன்றுதான் அதில் லாபம்.

இந்தக் குதிரைப் பைத்தியம் அவருக்குப் பிடித்த கதை சின்னது. வேனை வாங்கும்போது ஒரு மெக்கானிக், இதற்கு இத்தனை குதிரை சக்தி என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். அக்கா சக்தியை விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் பிடித்துக்கொண்டார். அவர் கணக்கில் அந்தக் குதிரைகள் பானட்டுக்குள்ளேயே இருந்தன. அவற்றுக்கு உஷ்ணம் ஆகாது. இஞ்சின் சூடானால் ஒவ்வொன்றாக இறங்கி ஓடிவிடும், குளிர்ந்தால் திரும்பி வரும். "சூடு ஏறினா குதிர இறங்கும் பாப்பா, வேற ஒண்ணுமில்ல" என்பார். என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு வயது அப்போதே பத்தொன்பது.

எங்கள் சீமையில் மலை கிடையாது, குன்று கிடையாது, கண்ணுக்கு எட்டின மட்டும் வயல்தான். வண்டி ஏற வேண்டிய மேடு என்று ஒன்று உண்டென்றால் அது ஆற்றுப் பாலம். எங்கள் ஊர்ப் பாலம் கொஞ்சம் கூன் போட்ட பாலம். பாரம் ஏற்றிய மீன் வேன் பாதி ஏறி மூச்சு வாங்கும். உடனே அக்கா உட்பட எல்லோரும் குதித்துத் தள்ள வேண்டும். அக்கா தள்ளிக்கொண்டே ஓடிப்போன குதிரைகளைத் திட்டுவார். அவர் வாழ்க்கையின் லட்சியம், ஒருவரும் இறங்காமல் வேன் அந்தப் பாலத்தை ஏறுவது. இன்னொருவருக்கு இது சின்ன லட்சியமாகப் படலாம். தள்ளியவர்களுக்குத் தெரியும்.

அவர் முதலில் செய்த வைத்தியம் வெந்தயம். உடம்புச் சூட்டுக்கு நம் வீடுகளில் என்ன செய்வோம்? ராத்திரி வெந்தயம் ஊற வைத்துக் காலையில் அந்தத் தண்ணீரைக் குடிப்போம். அதையேதான் செய்தார். வெறும் தண்ணீர் மேலுக்குத்தான் குளிர்ச்சி, உள்சூட்டை எடுக்காது என்று ஒரு குடம் வெந்தயத் தண்ணீரை, அடியில் கிடந்த வெந்தயத்தோடு, ரேடியேட்டரில் ஊற்றிவிட்டார். வேன் இரண்டு ஊர் தாண்டவில்லை. மூடியைத் தூக்கிக்கொண்டு வழவழவென்று நுரை பொங்கி சாலையெல்லாம் வழிந்தது. கொதித்த வெந்தய வாடையும் மீன் வாடையும் கலந்து வந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவும்போது அக்காவைக் கண்டபடி ஏசினார். அக்கா கொஞ்சமும் தளரவில்லை. வெந்தயம் குளிர்ச்சிதான், அதில் சந்தேகமில்லை, சில உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, இந்த வண்டிக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டுக்காரர் பேசாமல் அவரைப் பார்த்தார். அன்று அந்தப் பார்வையில் நிறைய இருந்தது.

இரண்டாவது வைத்தியம் பலித்தது. அதுதான் எல்லா வினைக்கும் காரணம். கோடையில் பணக்கார வீட்டு ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பதை எங்கேயோ பார்த்திருக்கிறார். இஞ்சின் காற்றை இழுக்கிற வாய்க்கு முன்னால் சின்னதாக ஒரு வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி, அதன் மேல் ஓட்டை போட்ட தகரப் பெட்டியில் ஐஸ் கட்டியை வைத்தார். ஐஸ் உருகித் தட்டி நனைந்துகொண்டே இருக்கும். இஞ்சின் குளிர்ந்த காற்றாக இழுக்கும். அன்று காலை வேன் எங்கள் பாலத்தை ஒரே மூச்சில் ஏறியது. ஒருவரும் இறங்கவில்லை. அக்கா உச்சியில் நிறுத்தச் சொல்லி, இறங்கி வந்து, பானட்டைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குளிர்ந்த காற்று அடர்த்தி, அதனால் உள்ளே அதிகக் காற்று போகிறது, அதிகமாக எரிகிறது என்று நான் என் விஞ்ஞானப் புத்தகத்தைப் பார்த்து விளக்கினேன். காற்றில் கனத்த காற்று, லேசான காற்று என்று உண்டா என்று கேட்டு, உங்கள் பள்ளிக்கூடத்தில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஐஸ் யாருடையது? மீனுடையது. மீனுக்குப் போட வேண்டிய ஐஸை இஞ்சினுக்குப் போட்டால் மீன் கெடாதா என்று கேட்டால் அதற்கும் பதில் தயாராக இருந்தது. இஞ்சினுக்கு ஐஸ் வைத்தால் வண்டி சீக்கிரம் போகும். சீக்கிரம் போனால் மீனுக்கு அவ்வளவு ஐஸ் தேவையில்லை. தேவைப்படாத அந்த ஐஸைத்தான் இஞ்சினுக்கு வைக்கிறேன் என்பார். இதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று தெரியும். எங்கே என்று யோசிப்பதற்குள் மன்னார்குடி வந்துவிடும்.

எலக்ஷன் சமயத்தில் ஒரு நாள் கட்சி ஜீப் ஒன்று பாலத்தில் ஏற முடியாமல் நின்றது. கருப்பு சிவப்புக் கொடி, ஒலிபெருக்கி, உள்ளே வேட்பாளர். அக்கா வேனிலிருந்து இறங்கி நேராகப் போய்க் கையை வைத்தார். பிறகு ஜீப்பின் முகப்பில் கட்டியிருந்த பெரிய கொடியை அவிழ்க்க ஆரம்பித்தார். தொண்டர்கள் பாய்ந்து வந்துவிட்டார்கள். எந்தக் கட்சிக்காரி நீ என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அக்கா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொடிய ரேடியேட்டர் மேல கட்டுனா அது எப்புடி மூச்சு விடும்? பக்கத்துல கட்டுங்க" என்றார். வேட்பாளர் நல்ல மனிதர், அல்லது நேரமாகிவிட்ட மனிதர். கொடியைப் பக்கவாட்டுக்கு மாற்றச் சொன்னார். ஜீப் ஏறியது. அவர் ஜெயித்தும் விட்டார். மூச்சு விட்டதனால்தான் ஜெயித்தார் என்று அக்கா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேடிக்கைக்குச் சொல்லிக்கொண்டு போகிறேன். ஆனால் அந்த வருஷங்கள் எங்களுக்கு வேடிக்கையாக இல்லை. எங்கள் அப்பா உழுத நிலம் மிராசுதாருடையது. தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்குச் செய்தது. ஆட்சி மாறி, சாகுபடி செய்கிறவர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயர் பதிந்துவிட்டால் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. மிராசுதாரோ, இவர்கள் யாரும் குத்தகைக்காரர்கள் இல்லை, என்னிடம் கூலிக்கு வேலை பார்த்தவர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தாலுகா ஆபீசில் விசாரணை. அவர் வாய்தா மேல் வாய்தா வாங்கினார். அந்த அறுவடையில் கூலித் தகராறு வேறு; வரப்பில் சிவப்புக் கொடி நட்டார்கள், யாரோ வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள், போலீஸ் வந்தது. கடைசியில் தாசில்தார், இனி வாய்தா கிடையாது, அடுத்த முறை கூப்பிடும்போது எந்தத் தரப்பு ஆஜராகவில்லையோ அந்தத் தரப்பு அதோடு முடிந்தது என்று சொல்லிவிட்டார். தோற்றால் அடுத்த நடவுக்கு எங்களுக்கு வயல் இல்லை. அப்பா அந்த வாரம் முழுக்கச் சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துகொண்டிருந்தார்.

விசாரணை நாள் காலையில் பஸ் வரவில்லை. மிராசுதார் ஆட்கள் நிறுத்திவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. எங்கள் ஊர் பஸ்ஸை நிறுத்த யாரும் மெனக்கெட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். அப்பாவும் மற்றக் குத்தகைக்காரர்களும் வேறு வழியில்லாமல் மீன் வேனில் ஏறி, மீன் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். வெளுத்த வேட்டியெல்லாம் பாழ். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து மிராசுதாரின் பிளஷர் கார் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டியது. பழக்க தோஷத்தில் அப்பா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துவிட்டார். பிறகு எதிரில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

பங்குனி வெயில். சாலை நெடுக வண்டிச் சக்கரம் ஏறி மிதிக்கட்டும் என்று கதிரையும் வைக்கோலையும் பரப்பியிருந்தார்கள். அதைத் தாண்டினால், பூவரசு மரத்தடியில் பிளஷர் நிற்கிறது. முன்பக்கம் புகைபோல ஆவி. மிராசுதார் குடையோடு வெளியே நிற்கிறார், கூடவே அவருடைய காரியஸ்தர். டிரைவர் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கிறான். வேனுக்குள் எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சாமி இருக்கிறது என்றார் ஒருவர்.

அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னார்.

நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டார். டிரைவரின் கையைத் தட்டிவிட்டு, இப்போது திறந்தால் முகம் வெந்துபோகும் என்று ஓர் அதட்டல் போட்டார். அப்பா பெட்டி மேலிருந்து எழுந்து நின்று, "ஏம்மா, ஏறு வண்டில. அவங்க வண்டி நின்னா ஒனக்கென்ன?" என்றார்.

"இஞ்சின் கொதிக்குதுங்க. எப்புடி வுட்டுட்டு வர்றது?" என்றார் அக்கா. வீட்டுக்காரரிடம், இவர்களைத் தாலுகா ஆபீசில் இறக்கிவிட்டு மீனைக் கொண்டு போகச் சொன்னார். இருந்த ஐஸில் ஒரு பெரிய பாளத்தையும் வெட்டிவேர்த் தட்டியையும் ஒரு மீன் வாளியையும் கூடையையும் இறக்கி வைக்கச் சொன்னார். ஒத்தாசைக்கு என்னையும் இறங்கச் சொன்னார். நான் இறங்கிவிட்டேன். வேன் நகரும்போது அப்பா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் அதற்கு முன்னால் ஒரு நாளும் ஆளானதில்லை.

பிறகு அக்கா வைத்தியத்தை ஆரம்பித்தார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. எந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டாலும் ஒவ்வொன்றும் சரி என்றுதான் சொல்லுவான். முதலில் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு இஞ்சின் தானாக ஆற வேண்டும், கொதிக்கிற இரும்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று எல்லோரையும் சும்மா இருக்கச் சொன்னார். மிராசுதார் அவசரப்பட்டார். உங்கள் வண்டி, விரிசல் விட்டால் பரவாயில்லை என்றால் ஊற்றிவிடுகிறேன் என்று அக்கா பணிவாகச் சொன்னார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆறினதும் ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தார். வைக்கோல் தூசும் பதரும் அதன் சல்லடைக் கண்ணெல்லாம் அடைத்திருந்தன. உண்மைதான், நானும் பார்த்தேன். தென்னை ஓலையிலிருந்து ஈர்க்குச்சி கிழித்துத் தரச் சொல்லி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணாகக் குத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். பூத்தொடுப்பவர்கள்கூட அத்தனை நிதானமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் ஒரு ஈர்க்குச்சி கொடுத்தார். நான் வேகமாகக் குத்தியபோது என் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நானும் நிதானமாகக் குத்தினேன்.

வாய்க்காலில் தண்ணீர் இல்லை. குட்டை நாலு வயல் தள்ளி இருந்தது. காரியஸ்தர் ஜரிகை வேட்டியைத் தூக்கிக்கொண்டு மீன் வாளியில் தண்ணீர் கொண்டுவரப் போனார். கொண்டுவந்த தண்ணீர் கலங்கல், கலங்கல் உள்ளே போனால் மறுபடி அடைக்கும் என்று அக்கா திருப்பி அனுப்பினார். இதுவும் நியாயம்தான். இதற்கு நடுவில் மிராசுதாரின் முகம் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஐயாவுக்கே உடம்பு சூடு, இப்படி இருந்தால் மயக்கம் வரும் என்று, அவரைக் கவிழ்த்த மீன் கூடையின் மேல் உட்கார வைத்து, ஐஸ் துண்டைத் துணியில் முடிந்து உச்சந்தலையில் வைத்துக்கொள்ளக் கொடுத்தார். எங்கள் ஜில்லாவில் அவரிடம் உட்கார் என்று சொன்ன முதல் ஆள் அக்காவாகத்தான் இருக்கும். அவரும் வைத்துக்கொண்டார். சொட்டுச் சொட்டாகக் காது வழியே வழிந்தது. சுகமாக இருந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில் இஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பினார். பிறகு, அவர் என்ன நினைத்தாரோ, காற்று இழுக்கிற வாயில் தன் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி, மிச்சமிருந்த ஐஸையும் வைத்தார். அதை அவர் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிளஷர் பறந்தது. நாங்கள் இருவரும் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வழியில் வந்த பாலத்தில் வண்டி ஏறியது தெரியவே இல்லை. வாங்கின நாளில்கூட இப்படிப் போனதில்லை என்று மிராசுதார் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். எல்லாக் குதிரையும் வந்துவிட்டது என்று அக்கா அவருக்கு விளக்கினார்.

தாலுகா ஆபீஸ் வாசலில் போய் நின்றபோது எங்கள் ஆட்கள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். சேவகர் மிராசுதாரின் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. தாசில்தார் குத்தகைக்காரர்கள் பெயரைப் பதியச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார். அப்பா முகம் அப்படி ஒரு வெளிச்சத்தில் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் மிராசுதாரின் பிளஷர் கதவைத் திறந்துகொண்டு அப்பாவின் மகளான நான் இறங்கினேன்.

எங்கள் ஆட்கள் யாரும் திரும்பி வரும்போது வேனில் ஏறவில்லை. அந்த வெயிலில் நடந்தே போனார்கள். அன்றைக்கு மீன் ஐஸ் இல்லாமல் குழைந்து, வந்த விலைக்குப் போனது. நாங்கள் மட்டும் வேனில் திரும்பினோம். பாதி வழியில் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஈர்க்குச்சி, குட்டத் தண்ணி, ஒண்ணையும் வீட்டுல சொல்லாத பாப்பா. மேல அப்பீல் இருக்கு. மீன்காரிய வெச்சு மறிச்சுட்டாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும், மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சுடுவாங்க. ஒங்கப்பா சந்தோஷத்துல நாலு பேருட்ட சொல்லிடுவாரு."

நான் வாயை மூடிக்கொண்டேன். அது லேசான காரியமாக இல்லை. எங்கள் தெருவில் அக்காவின் பெயரைச் சொன்னாலே காறித் துப்பினார்கள். மிராசுதார் வீட்டிலிருந்து மீனுக்கு ஆள் வர ஆரம்பித்ததும், அக்கா அந்தப் பக்கத்து ஆள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. மிராசுதார் போகிற இடமெல்லாம் தன் பிளஷர் அன்று பறந்த கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்; தாமதத்துக்கு யாரையும் குறை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அக்கா தினமும் எங்கள் பாலத்தில் வேனை நிறுத்திக் கூவுவார். ஒருவரும் சட்டியோடு வரமாட்டார்கள். எங்கள் அம்மா குழம்பில் தினமும் கத்தரிக்காய் போட்டார். வேனில் போகக் கூடாது என்று எனக்கும் தடை. நான் அடுத்த ஊர் வரை நடந்து, அங்கே ஏறிக்கொண்டேன். அக்கா அதைப் பற்றி என்னிடம் வருத்தப்பட்டதே இல்லை. பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குதிரைகளைப் பற்றித்தான் பேசுவார்.

அப்பீல் தள்ளுபடியான செய்தி வந்த சாயங்காலமே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், மிராசுதார் மீன் கூடையில் உட்கார்ந்து தலையில் ஐஸ் வைத்துக்கொண்ட இடத்தை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது சிரிப்பினால் மட்டுமல்ல என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் என்னோடு பாலத்துக்கு வந்தார். கையில் சட்டி. வேன் ஏறி வந்து நின்றது. பண்ணை வீட்டு வாசலைத் தவிர வேறு எங்கேயும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டறியாத மனிதர் அவர்.

"தப்பா நெனச்சுட்டம்மா. ஊரே தப்பா நெனச்சுடுச்சு. எங்களுக்காகத்தான் செஞ்சீங்கன்னு தெரியாமப் போச்சு" என்றார்.

அக்கா சட்டியை வாங்கி மடவையாகப் பொறுக்கிப் போட்டார். "ஒங்களுக்காக என்னாத்துக்குங்க? இஞ்சினுக்கு வேண்டியதத்தான் செஞ்சேன்" என்றார்.

அப்பா சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேன் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் அக்கா தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார்.

"வேற யாரு வண்டியா இருந்தாலும், அதுல பாதிதான் செஞ்சிருப்பேன்."